அறியுமுன் அழிக்க வேண்டாம்

பொதுக்காலம் 16ஆம் ஞாயிறு



இன்றைய நற்செய்தியில் வரும் வேலையாள்கள் கெட்டவர்கள் அல்ல. வயலில் களை முளைத்திருப்பதைப் பார்த்துப் பதறி, "பிடுங்கிவிடட்டுமா?" என்று கேட்கிறார்கள். தலைவரோ அவர்களைத் தடுக்கிறார் (மத்தேயு 13:24-30). களை நல்லது என்று அவர் சொல்லவில்லை. அவசரப்பட்ட கை கோதுமையையும் சேர்த்துப் பிடுங்கிவிடும் என்பதே அவர் கவலை.

அந்த அவசரம் நம் வீட்டுக்குள்ளும் இருக்கிறது. ஜன்னல் மூலையில், மீட்டர் பெட்டியில், திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் ஒரு பிடி மண் அப்பியிருக்கும். குளவி ஒன்று வந்து போகும். பார்த்த மாத்திரத்தில் விளக்குமாறும் மண்ணெண்ணெயும் கைக்கு வந்துவிடுகின்றன. அது என்ன குளவி என்று யாரும் கேட்பதில்லை. இன்று அந்தக் கூட்டின் முன் சற்று நிற்போம்.

கறுத்த உடல், மஞ்சள் திட்டுகள், நூல் போல மெலிந்த நீண்ட இடை. இது மண்குளவி. குழாயடியில் ஈர மண்ணைத் தாடையால் கிளறி, சிறு உருண்டையாக உருட்டித் தூக்கிவந்து, ரீங்காரத்தோடு சுவரில் பூசுகிறது. குழல் போன்ற ஓர் அறை முடிந்ததும் சிலந்தி வேட்டைக்குப் போகிறது. அது கொட்டிய சிலந்தி சாவதில்லை, அசைவற்றுப் போகிறது. அதனால் அழுகுவதும் இல்லை. அறையைச் சிலந்திகளால் நிரப்பி, ஒரு முட்டையிட்டு, வாயை மண்ணால் அடைத்துவிட்டு அடுத்த அறையைத் தொடங்குகிறது. இத்தனையும் ஒற்றைத் தாயின் உழைப்பு. அவளுக்குக் கூட்டமும் இல்லை, காவல் படையும் இல்லை. நாம் கையால் பிடித்தாலோ, துணிக்குள் சிக்கி நசுங்கினாலோ தவிர அவள் நம்மைக் கொட்டுவது அரிது.

குடம் போலக் கழுத்தும் விளிம்பும் வைத்த சின்னஞ்சிறு கூடு தெரிந்தால் அது வேறு குளவி. அது தன் குஞ்சுகளுக்குச் சேர்ப்பது செடிகளைத் தின்னும் புழுக்களை. நீலமாக மின்னும் இன்னொன்று, மண்குளவி விட்டுப்போன பழைய கூட்டைச் சீர்படுத்திக் குடியேறும். கூட்டில் வட்டமான துளை இருந்தால் அந்த அறையின் குஞ்சு பறந்துவிட்டது என்று பொருள். எல்லா அறைகளும் அப்படித் திறந்திருந்தால் தாராளமாகச் சுரண்டி எடுக்கலாம். மூடியிருந்தால் உள்ளே ஓர் உயிர் வளர்ந்துகொண்டிருக்கலாம். சில வாரம் பொறுப்பதில் நமக்கு என்ன நட்டம்?

அன்பார்ந்தவர்களே, எல்லாக் குளவியும் சாது என்று நான் சொல்ல வரவில்லை. கதண்டு மரநாரை மென்று காகிதம் போன்ற கூடு கட்டும், கூட்டமாக வாழும், கூட்டை நெருங்கினால் திரண்டு வந்து கொட்டும். அதனால் உயிர் போனவர்களும் உண்டு. அங்கே கல்லெறியாமல், பிள்ளைகளை விலக்கி, தீயணைப்புத் துறையை அழைப்பதுதான் அறிவு. மண் கூடா, காகிதக் கூடா என்று முதலில் பாருங்கள். அப்படிப் பார்க்கத் தெரிந்தவர் வீணாக அஞ்சவும் மாட்டார், வீணாகத் துணியவும் மாட்டார்.

குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று நம் முன்னோர் நம்பினார்கள். புழு உள்ளே போவதையும் குளவி வெளியே வருவதையும் கண்டார்கள். நடுவில் நடந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. உண்மையில் புழு இரையாகிறது, முட்டையிலிருந்து வந்ததே குளவியாகிறது. பாதி பார்த்ததை முழுதென்று நம்பினால் நல்ல மனதுக்கும் தவறு நேரும்.

தொடக்கநூலில் ஆண்டவர் உயிர்களை மனிதனிடம் கொண்டுவந்து, அவற்றுக்குப் பெயரிட வைக்கிறார். டென்மார்க் அறிஞர் ஃபப்ரீசியஸ் 1781இல் நம் மண்குளவியைப் பற்றி எழுதி, அதற்கு மதராசப்பட்டினத்தின் பெயரையே சூட்டினார். நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய உயிரை நாம்தான் அறியாமல் அடித்துக்கொண்டிருக்கிறோம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' மடலில், இயற்கை நன்கு இயங்கப் புழுக்களும் பூச்சிகளும்கூடத் தேவை என்று நினைவூட்டினார்.

குளவியை அறியாமல் அடித்துப் பழகிய கை மனிதரிடமும் அப்படித்தான் நீளும். தெருவில் புதிதாகக் குடிவந்த குடும்பம், வேற்றுமொழி பேசும் வடமாநிலத் தொழிலாளி, பூசைக்கு வந்து கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போகும் இளைஞன். இவர்களிடம் ஒரு வார்த்தை பேசுமுன்பே எத்தனை தீர்ப்பு எழுதிவிடுகிறோம்! அனைத்து வல்லமையும் கொண்ட கடவுள் கனிவோடு தீர்ப்பிடுகிறார் என்கிறது சாலமோனின் ஞானம். நம்மைப் பிடுங்கி எறிய அவருக்குக் காரணங்கள் இருந்தன, ஆனாலும் பொறுத்திருக்கிறார். அந்தப் பொறுமையால்தான் நாம் இன்று இந்தப் பீடத்தின் முன் நிற்கிறோம்.

இந்த வாரம் நீங்கள் அறியாத ஒருவரிடம் போய்ப் பெயரைக் கேளுங்கள், ஊரைக் கேளுங்கள், அவர் பிள்ளைகளைப் பற்றிக் கேளுங்கள். அறிந்த பிறகு முடிவெடுங்கள்.

பொறுமையின் ஆண்டவரே, அவசரத் தீர்ப்பிலிருந்து எங்களைக் காத்து, நீர் படைத்தவற்றை உம் கண்கொண்டு பார்க்கக் கற்றுத்தாரும். ஆமென்.