மலரைக் காண்பதும் வேட்கையோ?

அழகிய பொருளைக் கண்டு மகிழ்வது வேட்கையாகுமா, ஆகாதா என்று உபாசகர் பலர் நம்மை வினவுவதுண்டு. முன்னாளில் நாம் சிறிதும் தயங்காமல், "ஆம், வேட்கையே" என்று விடை கூறி வந்தோம். அவ்விடை குறையுடையது என்பதை அறிய நமக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. அவ்வரலாற்றை இங்கு மறையாது எழுதுகின்றோம்.

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்ப் பருவம் என வகுத்தனர் நம் முன்னோர். குளிர் நாடுகளில் இப்பருவத்தை ஒட்டி மரங்களின் இலைகள் பொன்னிறமும் செந்நிறமும் கொண்டு உதிரும். அதனைக் காண மக்கள் பூங்காக்களில் திரளுவர். நம் மலைப்பகுதியின் முறை வேறு. பாலக்காட்டு மாவட்டத்துப் பரம்பிக்குளம் காட்டில், மழை ஓய்ந்து வறட்சி தொடங்கும்போதுதான் தேக்கு இலையுதிர்க்கின்றது. இலை இருப்பின் அதன் வழியே நீர் ஆவியாகும். ஆதலின் மரம் காம்பின் அடியில் மெல்லிய தடுப்பொன்றை வளர்த்து இலையைத் தானே விடுவிக்கின்றது. அங்குள்ள கன்னிமாரா தேக்கு நானூறு ஆண்டு கடந்தது என்பர். ஆண்டுதோறும் இலைகளை விட்டு விட்டே அது இத்தனை காலம் நின்றிருக்கின்றது.

இடுக்கி மாவட்டத்து உயர்மலையில், கூதிருக்குச் சற்று முன்னரே வேறொரு காட்சி தொடங்குகின்றது. நீலக்குறிஞ்சிச் செடி பன்னிரண்டு ஆண்டுகள் பூவாது வெறும் புதராகவே வளர்கின்றது. பின்னர் மலைச்சரிவு முழுவதும் ஒரே பருவத்தில் பூத்து, விதை தந்து, அத்துடன் மடிகின்றது. மூணாற்றைச் சூழ்ந்த மலைகளில் 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் அவ்வாறு பூத்தது. தேக்கு இலையை விட்டுத் தன் உயிரைக் காக்கின்றது. குறிஞ்சியோ உயிரையே விதைக்குக் கொடுத்துவிடுகின்றது. அநித்தியம் என்பதை விளக்க இவ்விரண்டுமே போதும்.

நம் அன்னையார் மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். சிறுமியாய் இருந்தபோது மலை நீலமானதைக் கண்டதாகச் சொல்வார்; கணக்கிட்டால் அது 1958ஆம் ஆண்டாகும். மணமாகிப் பாலக்காட்டுக்கு வந்தபின் அவர் மலையேறவே இல்லை. 2006ஆம் ஆண்டு குறிஞ்சி பூத்த செய்தி கேட்டு, "ஒரு தரம் கூட்டிட்டுப் போயேன்ப்பா, கண்ணாலே பார்த்துக்கறேன்" என்றார். அப்போது நாம் நூற்பாலையில் இரவு ஷிப்டு பார்த்துக்கொண்டு, ஓய்ந்த நேரத்தில் தன்ம நூல்களைப் பயின்று, புதிதாய்ப் போதிக்கத் தொடங்கியிருந்தோம். "கண்ணின் வேட்கையை அடக்கத்தானே தன்மம் கேட்கிறோம்? பூப் பார்க்க மலையேறுவதா, அம்மா?" என்று சொல்லிவிட்டோம். அன்னையார் மறுமொழி கூறவில்லை. மறுபடி கேட்கவும் இல்லை. 2013இல் காலமானார்.

உண்மையை முழுதும் உரைப்பின், இரண்டு நாள் கூலி போகுமே என்ற கணக்கும் அன்று நம் உள்ளத்தில் இருந்தது. அக்கணக்கைத் தன்மம் என்னும் ஆடையால் மூடினோம்.

அந்நாளில் நமக்குத் துணையாய் நின்றது சம்யுத்த நிகாயத்தில் வரும் ஒரு வரலாறு. காட்டில் வாழ்ந்த பிக்கு ஒருவர் குளத்தில் இறங்கித் தாமரையை முகர்ந்தார். அக்காட்டுத் தேவதை, கொடுக்கப்படாத மணத்தை எடுத்தமையால் அவரைத் திருடர் என்றது. கிழங்கைத் தோண்டுவாரையும் மலரைப் பறிப்பாரையும் விட்டுத் தம்மை மட்டும் பழிப்பது ஏன் என்று பிக்கு கேட்டார். அழுக்கில் தோய்ந்தவரிடம் தான் பேசுவதில்லை என்றும், தூய்மையை நாடுவோர்க்கு மயிர்முனையளவு குற்றமும் மேகமளவாகத் தோன்றும் என்றும் தேவதை கூறியது. முகர்வதே களவாயின் காண விழைவது என்னாகும் என்று நாம் மேடைதோறும் பேசி வந்தோம்.

2018ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தது, மலைச்சாலைகள் சரிந்தன. சாலை சீரானபின், புரட்டாசி இறுதியில், பொள்ளாச்சி, உடுமலை வழியே சின்னாற்றைக் கடந்து, மறையூர் ஏறி, இரவிகுளம் தேசியப் பூங்காவின் இராஜமலையை அடைந்தோம். புல்வெளிச் சரிவில் நீலம் படர்ந்திருந்தது. வரையாடுகள் மனிதரை அஞ்சாது மேய்ந்தன. நெடுநேரம் நின்று கண்டோம். மனம் அமைதியாய் இருந்தது.

பின்னர், அன்னையாரின் படத்துக்கு ஒரு கொத்துக் கொண்டு போகலாமே என்ற எண்ணம் எழுந்தது. அங்கு மலர் பறித்தல் குற்றம் என்பதை அறிந்தும் கை நீண்டது. அக்கணமே மனம் வேறாயிற்று. எந்தக் கொத்துப் பெரிது என்று கண் அளந்தது. காவலர் பார்க்கின்றாரா என்று சுழன்றது. மலை மறைந்தது. 'நமக்கு' என்னும் நினைவு ஒன்றே எஞ்சியது. கையை மீட்டுக்கொண்டோம். வேட்கை இன்னதென்பதை அவ்விடத்தில்தான் கண்டோம். அதற்கு முன் அங்கு நின்று கண்ட காட்சியில் அது இல்லை.

தேவதையின் சொல்லும் அப்போதே விளங்கியது. அது துறவி ஒருவர் தம்மையே நோக்குமாறு அவருக்குச் சொல்லப்பட்டது. நாமோ நம்மை நோக்காது அதை அன்னையார் மேல் எறிந்தோம். உலகில் இன்பம் உண்டு, அதில் கேடும் உண்டு, அதினின்று விடுதலையும் உண்டு என மூன்றையும் உள்ளவாறு அறியுமாறு பகவன் புத்தர் போதித்தார். முதலாவதை அவர் மறுக்கவில்லை. இறுதிப் பயணத்தில் வைசாலியின் வனப்பை அவரே பாராட்டியதாக மகாபரிநிப்பான சுத்தம் உரைக்கின்றது.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. இரவிகுளம் ஒரு காலத்தில் தோட்டத் துரைமார் வேட்டையாடிய நிலம். 1975இல் சரணாலயமாகவும், 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. இன்று நுழைவுச் சீட்டுப் பெறும் எவரும் காணலாம். ஆயினும் ஒரு நாள் கூலியை இழக்க இயலாதவர்க்கு அவ்வாயில் இன்னும் அடைத்தே இருக்கின்றது. அத்தகையோரிடம் சென்று அழகைத் துறக்குமாறு போதிப்பது மிக எளிது. தம் கைக்கு என்றுமே வாராத ஒன்றை அவர் எங்ஙனம் துறப்பார்?

ஆகவே அன்பர்களே, வினாவுக்கு இன்று நாம் கூறும் விடை இது: காணுங்கள், மகிழுங்கள், கை நீளும்போது அதனை அறிந்துகொள்ளுங்கள். குறிஞ்சி மீண்டும் 2030இல் பூக்கும் என்பது கணக்கு. அதுகாறும் நாம் இருப்போமா என்பது எவர் கணக்கிலும் இல்லை. உங்கள் இல்லத்து முதியோர் எதையேனும் ஒரு தரம் காண விழைந்தால், கூலி போயினும் போகட்டும் என்று அழைத்துச் செல்லுங்கள். அவர்க்குப் போதிக்க வேண்டியது ஏதேனும் இருப்பின், திரும்பி வந்தபின் சொல்லலாம்.