நான்காவது ராஜா

ஸ்பானியச் சீட்டுக்கட்டில் ராணி கிடையாது. நமக்குப் பழகிய 52 சீட்டுக் கட்டை மனத்தில் வைத்துக்கொண்டு அதைக் கையில் எடுக்கும்போது முதலில் உறுத்துவது இதுதான். நாணயம், கிண்ணம், வாள், தடி என்று நான்கு இனங்கள். (நாம் இஸ்பேடு என்கிறோமே, அந்தச் சொல்லுக்குள் இருப்பதும் தென் ஐரோப்பாவின் வாள்தான்.) ஒவ்வொரு இனத்திலும் ஒன்று முதல் ஏழு வரை எண்கள். அடுத்து 8, 9 இல்லாமல் நேராக 10, 11, 12: பணியாள், குதிரைவீரன், ராஜா. மொத்தம் 40 சீட்டு. பணியாளின் பெயர் சோத்தா. மீசை தாடி இல்லாத இளம் முகம். ஸ்பானிய இலக்கணத்தில் பெண்பால் சொல். அகராதியில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு: வெட்கங்கெட்ட பெண். ராணிக்கு இடம் தராத கட்டு வசவுக்கு மட்டும் இடம் தந்திருக்கிறது.

இந்தக் கட்டோடு தனியாக ஆடும் ஆட்டங்கள் பல. நான் பேச நினைப்பது கடிகார ஆட்டத்தின் 40 சீட்டு வடிவத்தைப் பற்றி. சீட்டுகளைக் குலுக்கி, நான்கு நான்காகப் பத்துக் குவியல்களாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஏழு குவியல்கள் எண்களுக்கு, எட்டாவது சோத்தாவுக்கு, ஒன்பதாவது குதிரைவீரனுக்கு, நடுவில் உள்ளது ராஜாவுக்கு. நடுக்குவியலின் மேல்சீட்டைத் திருப்புகிறோம். ஐந்து வந்தால் ஐந்தாம் குவியலின் அடியில் வைத்து, அங்கே மேலே இருப்பதை எடுக்கிறோம். இப்படியே போகும். நான்காவது ராஜா வெளிப்பட்டதும் ஆட்டம் முடிந்தது. அதற்குள் மற்ற 39 சீட்டுகளும் திரும்பியிருந்தால் வெற்றி. கடைசிச் சீட்டு ராஜாவாக இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. ஆகவே வாய்ப்பு பத்தில் ஒன்று.

நம் கெட்டிக்காரத்தனத்துக்கு இதில் வேலையே இல்லை. குலுக்கி முடித்தபோதே எல்லாம் முடிவாகிவிட்டது. ஆடுகிறவளுக்கு மிச்சமிருக்கும் ஒரே தேர்வு, ஏமாற்றுவதா வேண்டாமா என்பதுதான். நான்காவது ராஜாவை ஏதாவது ஒரு குவியலுக்கு அடியில் தள்ளிவிட்டு வேறொன்றைத் திருப்பலாம். யார் பார்க்கப் போகிறார்கள்?

தன்னைத்தானே ஏய்த்துக்கொள்கிறவரைப் பற்றி ஸ்பானிய மொழியில் ஒரு வழக்கு இருக்கிறது: தனியாட்டத்தில் தனக்கே தில்லுமுல்லு செய்துகொள்கிறார் என்பார்கள். இந்த வழக்கில் எனக்கு ஒரு சந்தேகம். ஏமாற்றப்படுகிறவருக்கு அது தெரியாமல் இருந்தால்தானே ஏமாற்று? ராஜாவைத் தள்ளியது என் கை. பார்த்துக்கொண்டிருந்தது என் கண். இதில் ஏமாந்தவள் யார்?

தத்துவவாதி காண்ட் 1797இல் வெளியான ஒழுக்கவியல் நூலில் இதற்குப் பக்கத்தில் வருகிறார். கட்டுப்படுத்துகிறவரும் கட்டுப்படுகிறவரும் ஒரே ஆளாக இருந்தால், எப்போது வேண்டுமானாலும் தன்னை விடுவித்துக்கொள்ளலாமே என்ற சிக்கலை அவரே எழுப்புகிறார். ஆனாலும் தனக்குத்தானே செய்ய வேண்டிய கடமை உண்டு, பொய் அதை மீறுகிறது என்பது அவர் முடிவு. (இளமையில் அவர் விரும்பி ஆடிய சீட்டாட்டம் லோம்பர். ஸ்பெயினில் பிறந்தது. பெயருக்குப் பொருள் ‘ஆண்’.)

காண்ட் சொல்லும் அந்த ஆள், தனக்கான விதியைத் தானே செய்துகொள்கிறவர். ஸ்பெயினின் மனைவிமாருக்கு அந்த நிலை எப்போது வாய்த்தது? கணவன் மனைவியைப் பாதுகாக்க வேண்டும், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று 1889ஆம் ஆண்டுக் குடியியல் சட்டம் எழுதி வைத்தது. பிராங்கோ ஆட்சியில் மணமான பெண் வேலைக்குச் சேரவும் வங்கிக் கணக்கு தொடங்கவும் கணவனின் அனுமதி வேண்டும். 1975 மே மாதத்தில்தான் சட்டம் திருத்தப்பட்டது. அதுவரை சமையலறை மேசையில் தனியே சீட்டைப் பரப்பிய ஒரு மனைவிக்கு, யாரிடமும் கையெழுத்து வாங்காமல் தானே நடத்தக்கூடிய காரியங்கள் எத்தனை இருந்திருக்கும்? அந்த மேசையில் விதியை வைத்தவளும் அவளே, தீர்ப்புச் சொன்னவளும் அவளே. அவள் ராஜாவை அடியில் தள்ளியிருந்தால் அதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

என் விஷயம் வேறு. எனக்கு வங்கிக் கணக்கு இருக்கிறது. ஆனாலும் நான் தள்ளியிருக்கிறேன், பலமுறை. ஒருநாள் தள்ளிய கையோடு நிமிர்ந்தபோது கவனித்தேன்: எனக்கு மகிழ்ச்சி வரவில்லை, நிம்மதிதான் வந்தது. பால் பொங்கி வழிவதற்குள் அடுப்பை அணைத்துவிட்டால் வருமே, அந்த நிம்மதி. இந்த மேசைக்கு நான் வந்ததே அதிலிருந்து தப்பிக்கத்தான்.

குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அம்மாவைக் கேட்பார்கள். குழம்பில் உப்புக் கூடினாலும், மகன் மதிப்பெண் குறைந்தாலும், மாமியார் முகம் வாடினாலும் கேள்வி நம்மிடம்தான் வருகிறது. எது பிசகினாலும் நாம் இன்னும் கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம் என்றே பழக்கப்பட்டிருக்கிறோம். இந்த ஆட்டத்தில் பத்துக்கு ஒன்பது முறை தோற்பது உறுதி, அதில் என் பிழை துளியும் இல்லை. யாருடைய பிழையும் இல்லாத தோல்வி வேறு எங்கே கிடைக்கிறது எனக்கு? ராஜாவை நான் தள்ளும்போது ஒளிப்பது உண்மையை அல்ல. ஜெயித்துக் காட்டியாக வேண்டும் என்ற வெளியுலகின் சட்டத்தை, அது எட்டாத ஒரே மேசைக்கும் நானே கூட்டி வருகிறேன்.

ஸ்பானியச் சீட்டின் விளிம்புக் கோட்டில் சிறு இடைவெளிகள் விட்டிருப்பார்கள்: நாணயத்துக்கு இடைவெளி இல்லை, கிண்ணத்துக்கு ஒன்று, வாளுக்கு இரண்டு, தடிக்கு மூன்று. பக்கத்தில் இருப்பவர் பார்த்துவிடாமல், சீட்டை முழுக்க விரிக்காமலே இனத்தைத் தெரிந்துகொள்ள அது உதவும். தனியாக ஆடும்போது அதற்கு வேலை இல்லை.

இன்று மாலை நான்காவது ராஜா வந்தபோது ஒன்பது சீட்டுகள் கவிழ்ந்தே கிடந்தன. அவற்றைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. கட்டை ஒன்றுசேர்த்து, இன்னொரு முறை குலுக்கினேன்.