மூச்சின் கடன்

மார்கழிப் பின்னிரவில் சவ்வாது மலைச் சரிவிலிருந்து பனி இறங்கி உத்தர காவேரியின் மணலில் படிகிற வேளையில், ஒடுகத்தூரில் எங்கள் தெருவில் ஒரு வீட்டு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, இரு கைகளையும் முழங்காலில் ஊன்றி, தோள்கள் காதளவுக்கு ஏற, விலா இடுக்குச் சதை ஒவ்வோர் இழுப்புக்கும் உள்ளே குழிய, பேச வந்த வார்த்தையைப் பாதியில் கைவிட்டு மூச்சையே தேடிக்கொண்டிருக்கும் அந்த அம்மாளுக்கு வயது ஐம்பதுகூட ஆகவில்லை. ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் இருபது வருஷம் பசை ஒட்டியவர். காரணம் பசையின் நெடியா, விறகடுப்பின் புகையா, பனியா, பிறவிக் கூறா என்று அறுதியிட எவருமில்லை. வீட்டார் எல்லாவற்றையும் ‘இழுப்பு’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள்.

விடிந்ததும் மகள் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டுத் தாயை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறாள். அங்கே மூக்கில் மூடி வைத்து மருந்துப் புகை கொடுப்பதற்குக் காசு இல்லை. ஆனால் அன்றைய கூலி போயிற்று. மாதம் முழுதும் விடுப்பெடுக்காதவர்க்குத் தரும் ஊக்கத்தொகையும் அதோடு போயிற்று. இத்தகைய இரவு ஒன்று குறைந்தால் அதன் மதிப்பு எவ்வளவு?

பொருளியலார் இதற்கு இரண்டு மார்க்கம் வைத்திருக்கிறார்கள். மருந்துச் செலவையும் இழந்த கூலியையும் கூட்டுவது ஒன்று. துன்பம் குறைவதற்கு நீ எவ்வளவு கொடுக்கச் சம்மதிப்பாய் என்று நோயாளியையே வினவுவது மற்றொன்று. உயிராபத்துக் குறைவின் மதிப்பை இவ்வாறு அறியலாம் என்று அமெரிக்க அறிஞர் தாமஸ் ஷெல்லிங் 1968-இல் வாதித்தார். அந்த வினாவை நான் அந்த அம்மாளிடமே கேட்டேன். “எங்கிட்ட இன்னா கீது சாமி குடுக்க? பொண்ணு லீவு போடாம வேலைக்குப் போனா அதுவே போதும்” என்றார். பிராணனே தவிக்கும்போது தனக்கென்று ஒரு தொகையும் சொல்லத் தெரியாதவரின் பதிலைப் பொருளியலாரின் ஏட்டில் எந்தப் பத்தியில் எழுதுவது? பணப்பை மெலிந்தவரின் மூச்சும் மலிவு என்றல்லவா கணக்கு முடியும்!

சுவாசத்தை எண்ணுவது நம்மவர்க்குப் புதிதன்று. நிமிஷத்துக்குப் பதினைந்தாக ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்று யோக மரபு கணித்தது. சிதம்பரத்துப் பொற்கூரையின் ஓடுகள் அந்த எண்ணிக்கையையே குறிக்கின்றன என்பார்கள். எண்ணினார்களேயன்றி விலை குறிக்கவில்லை. ஆகவே மூச்சுக்கு ரூபாய்க் கணக்குப் போடுவதே அபசாரம் என்று கூசுகிற பக்தரின் மனத்தை நான் மதிக்கிறேன். நெடுநாள் நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஆனால் நம் பாஷையில் ‘விலையில்லாதது’ என்னும் சொல் விலைமதிப்பற்றதையும் குறிக்கிறது, இலவசமாகக் கிடைப்பதையும் குறிக்கிறது. கோயிலில் முதற்பொருளில் சொல்லப்படும் அதே சொல், தொழில் நடக்கும் இடத்தில் இரண்டாம் பொருளில் ஆளப்பட்டுவிடுகிறது. கணக்கில் எழுதப்படாத மூச்சு அங்கே பூஜ்யமாகவே கழிகிறது.

எங்கள் ஜில்லாவின் அனுபவமே இதற்குப் பிரமாணம். தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்ததென்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும் என்ற நியாயத்தை நாட்டின் சட்டமாக நிலைநாட்டியது. அதன் வழியே அமைந்த ஆணையம் 2001-இல் 29,193 பேருக்கு ஏறத்தாழ 26 கோடியே 82 லட்சம் ரூபாய் என்று நிர்ணயித்தது. அந்த விவகாரமே 2025 ஜனவரியில் மறுபடியும் உச்ச நீதிமன்றத்தின் முன் நின்று, பாக்கியைக் கொடுக்கச் சொல்லி உத்தரவு பெற வேண்டியிருந்தது. உப்பேறிய நிலத்தைச் சங்கிலி போட்டு அளக்கலாம். கெட்ட கிணற்றின் நீரை மொண்டு காட்டலாம். நள்ளிரவில் போன மூச்சுக்கு எரிந்த விளக்கைத் தவிர வேறு சாட்சி ஏது?

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஐந்து வேளையும் பாங்கொலி கேட்கிறது. இஸ்லாமிய மார்க்கத்தின் சட்டத்தில் உயிரிழப்புக்கு ‘தியத்’ என்று ஓர் ஈட்டுத்தொகை உண்டு. இறந்தவன் செல்வனா ஏழையா என்று பார்த்து அது ஏறியிறங்குவதில்லை. உயிரை வாங்கும் விலையன்று அது, தீங்கு செய்தவன்மேல் நிற்கும் கடன். தமிழிலோ ‘கடன்’ என்றால் திருப்பித் தர வேண்டிய பணமும் அதுவே, செய்தே தீர வேண்டிய தர்மமும் அதுவே. மூச்சின் கணக்கையும் இந்தப் பக்கத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் துணிபு. இழுப்புக்காரர் எவ்வளவு கொடுப்பார் என்று அவர் மடியைத் தடவாமல், அந்த இரவு நேராதிருக்க நாம் எதைச் செய்யக் கடமைப்பட்டிருந்தோம், எதைச் செய்யாமல் எவ்வளவு மிச்சம் பிடித்தோம் என்று கேட்கலாம். அப்போது கணக்கில் வருபவை எளிய பொருள்கள்: பசை மேசைக்கு மேல் நெடியை இழுத்து வெளித்தள்ளும் ஒரு விசிறிக் குழாய், அடுப்படிக்கு ஒரு காஸ் சிலிண்டர், இழுப்பு வந்தபின் தணிப்பதோடு நில்லாமல் வராமலே காக்கும் இன்ஹேலர் மாதந்தோறும் கைக்கு எட்டும் ஏற்பாடு.

தாய் இருபது வருஷம் நின்ற அதே பசை மேசையில்தான் இப்போது மகள் நிற்கிறாள். அவளுக்கு இன்னும் இழுப்பு வரவில்லை.