காணா முகமும் அயலவர் நேயமும்

ஒருவரிடத்து அன்பு கொள்வதற்கு அவரது முகத்தைக் கண்டிருத்தல் இன்றியமையாததா என்னும் வினா மிகப் பழையது. தமிழ் மரபு அதற்கு நட்பின் பெயரால் விடை கூறியிருக்கின்றது. நம் காலத்தில் அதே வினா, எவரும் எதிர்பாராத ஓரிடத்திலிருந்து, அதாவது கணினி விளையாட்டொன்றிலிருந்து மீண்டும் எழுந்துள்ளது. விளையாட்டுத்தானே என அதனை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின் அவ்விளையாட்டை ஆடியோர் முகங்காணாத ஒருத்தியிடம் காட்டிய அன்பையும், முகம் மூடி நம் தெருவிற் செல்லும் ஒருத்தியிடம் நாம் காட்டும் ஐயத்தையும் அருகருகே வைத்து நோக்கும்போது அறவியல் சார்ந்த ஒரு முரண் புலப்படுகின்றது. அம்முரணை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கனடா நாட்டின் பயோவெயார் நிறுவனம் 'மாஸ் எஃபெக்ட்' என்னும் விண்வெளிக் கதையை 2007, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் மூன்று விளையாட்டுகளாக வெளியிட்டது. ஆடுபவர் ஒரு கப்பற் தலைவராக நின்று, வெவ்வேறு கோள்களைச் சேர்ந்த துணைவர்களோடு கதையை நடத்திச் செல்வார்; அவர்களோடு உரையாடுவார்; தம் முடிவுகளால் அவர்களது நட்பைப் பெறவோ இழக்கவோ செய்வார். அத்துணைவர்களுள் ஒருத்தி டாலி சோரா. அவள் குவேரியன் என்னும் இனத்தவள். அவ்வினத்தார் தாமே படைத்த இயந்திர மாந்தராற் தாயகத்திலிருந்து துரத்தப்பட்டு, ஏறத்தாழ 300 ஆண்டுகளாகக் கப்பற் கூட்டமொன்றில் அலைந்து வாழ்பவர்கள். தூய்மையாக்கப்பட்ட கப்பற் காற்றிலே தலைமுறைகள் கழிந்தமையால் அவர்களது நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றிவிட்டது. ஆதலின் உடல் முழுவதையும் மூடும் காப்புடையும் முகக்கவசமும் இன்றி அவர்கள் பிறர் நடுவே நடமாட இயலாது. கவசத்தின் பின்னே மங்கலாக ஒளிரும் இரு கண்களையன்றி டாலியின் முகத்தில் வேறெதனையும் ஆடுபவர் காண்பதில்லை.

முதல் விளையாட்டில் அவளைக் காதலிப்பதற்கு வழி வைக்கப்படவில்லை. நேயர்கள் அவள்மீது கொண்ட பற்று பெரிதாயிருந்தது. இரண்டாவது விளையாட்டில் அவ்வழி திறக்கப்பட்டது. அவள் கவசத்தைக் கழற்றும் காட்சியிலுங்கூட முகம் ஆடுபவருக்குக் காட்டப்படவில்லை. 2012 இல் வெளிவந்த மூன்றாவது விளையாட்டிலேதான் அது ஒரு நிழற்படமாக வெளிப்பட்டது. அப்படமோ, எவரும் விலைகொடுத்து வாங்கக்கூடிய பொதுப் படமொன்றைச் சிறிது மாற்றி அமைத்தது என்பதை நேயர்கள் விரைவிற் கண்டறிந்தனர். பலர் சினந்தனர், பலர் மனம் வருந்தினர். 2021 இல் மூன்று விளையாட்டுகளும் ஒன்றாகப் புதுப்பித்து வெளியிடப்பட்டபோது அப்படம் நீக்கப்பட்டு வேறொன்று வைக்கப்பட்டது.

இவ்வருத்தத்துக்கு வழக்கமாகக் கூறப்படும் விளக்கம் ஒன்றுண்டு. மூடிய முகம் வெறுஞ்சுவர் போன்றது, காண்பவர் தத்தம் விருப்பத்தை அதன்மீது தீட்டிக்கொள்கின்றனர், அவர்கள் நேசித்தது தமது கற்பனையையே, படம் வெளிவந்ததும் அக்கற்பனை கலைந்தது, அவ்வளவே என்பர். இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் அது முழு உண்மையாகாது. அதே கதையில் வோலஸ் என்னும் வணிக இனத்தாரும் தலை முதல் அடி வரை மூடியே வருகின்றனர். அவர்களுள் எவரும் இத்தகைய நேயத்தைப் பெற்றிலர். மறைவே அன்புக்குக் காரணமாயின் அவர்களும் அதனைப் பெற்றிருத்தல் வேண்டும்.

எனவே காரணத்தை வேறிடத்தில் தேடுதல் தகும். மூன்று விளையாட்டுகளிலும் டாலி உடன் வருகின்றாள். பழுதுற்ற இயந்திரங்களைச் சீர்செய்கின்றாள். தன் மக்களின் நிலையை எடுத்துரைக்கின்றாள். அஞ்சும் இடத்தில் அஞ்சுகின்றாள். இரண்டாவது விளையாட்டில் அவள்மீது துரோகக் குற்றம் சுமத்தப்பட்டு விசாரணை நடைபெறுகின்றது. அவளை விடுவிக்கக்கூடிய சான்று கிடைக்கின்றது. ஆனால் அச்சான்று இறந்துபோன தந்தையின் பிழையை அம்பலப்படுத்திவிடும். அதனை வெளியிட வேண்டாம் என்று அவள் வேண்டுகின்றாள். நாடுகடத்தப்படுவதையும் ஏற்கச் சித்தமாயிருக்கின்றாள். முகத்தைக் காட்டாத அவள் அங்கே தன் உள்ளத்தைக் காட்டிவிட்டாள் எனலாம். ஆடுபவர் அவளது வேண்டுகோளை மதித்து மௌனம் காக்கும்போது, அவள் மறைக்க விரும்புவதை மறைத்துவைக்கும் பொறுப்பையும் ஏற்கின்றார். அன்பு என்பது பிறரை முழுதும் அறிந்துகொள்வது மாத்திரமன்று, அவர் மறைக்க விரும்புவதை மதிப்பதுமாகும் என்னும் உண்மை இக்காட்சியிற் பொதிந்துள்ளது.

இவ்வுண்மை தமிழருக்குப் புதிதன்று. உறையூர்ச் சோழன் கோப்பெருஞ்சோழனும் பாண்டி நாட்டுப் புலவர் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. கேள்வியினாலேயே நட்புக் கொண்டனர். அரசன் வடக்கிருக்கத் துணிந்தபோது, புலவர் வருவார், அவருக்கும் இடம் ஒதுக்குக என்றான். அவ்வாறே அவர் வந்தார், தாமும் வடக்கிருந்தார். புறநானூறு காட்டும் இந்நிகழ்ச்சியைப் பரிமேலழகர், நட்புக்குக் காட்சியும் பழக்கமும் அல்ல, ஒத்த உணர்ச்சியே உரிமை தரும் என்னும் குறட்கருத்துக்குச் சான்றாக நினைவுகூர்கின்றார்.

அண்மைக் காலத்துச் சான்றும் நம் நகரத்திலேயே உண்டு. கொழும்பிலிருந்து ஒலித்த இலங்கை வானொலியின் குரல்களைப் பாக்கு நீரிணைக்கு அப்பாலும் எத்தனையோ இல்லங்கள் தம் உறவினர் குரலாகவே கொண்டன. கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் முதலியோரின் முகத்தை அக்காலக் கேட்போரிற் பெரும்பாலோர் கண்டிருக்க வாய்ப்பில்லை. அவர்களை 'நேயர்கள்' என்று அழைத்த வானொலி, கேட்போருக்கும் நேயத்துக்கும் இடையிலான உறவை அச்சொல்லிலேயே ஒப்புக்கொண்டது.

இவ்விடத்திற் தடையொன்று எழுப்பப்படலாம். பிசிராந்தையார் மெய்யான மனிதர்; வானொலி அறிவிப்பாளரும் மெய்யான மனிதரே. டாலியோ எழுதப்பட்ட பாத்திரம். அவளை நேசிப்பதற்கு நாம் இழப்பது யாது? ஜெனீவா மெய்யியலாளர் ரூசோ, 1758 இல் தலம்பேருக்கு எழுதிய கடிதத்தில் நாடக அரங்கைக் குறித்து இத்தகைய தடையையே எழுப்பினார். கற்பனைத் துயருக்குக் கண்ணீர் சிந்துவோர், மனிதகுலத்துக்குத் தாம் ஆற்றவேண்டிய கடமை யாவும் அக்கண்ணீரோடு நிறைவேறிவிட்டதாக மனநிறைவு கொள்கின்றனர் என்பது அவர் கருத்து. டாலி நம்மிடம் கடன் கேட்கமாட்டாள்; நம் வீட்டுக்கு அருகே குடிவரமாட்டாள்; நம்மோடு வழக்காடவும் மாட்டாள். விரும்பியபோது விளையாட்டை நிறுத்திவிடலாம். இத்தகைய எளிய அன்பு அறத்துக்கு உரைகல்லாகுமா என்று கேட்பது நியாயமே.

இத்தடைக்கு விடையை மெய்யான தெருவிலேதான் தேடுதல் வேண்டும். தமிழில் 'அயல்' என்னும் சொல் ஆழ்ந்து நோக்கத்தக்கது. அயலவர் என்று ஈழத்தில் நாம் சொல்லும்போது பக்கத்து வீட்டாரைக் குறிக்கின்றோம். அயலார், அயல்நாட்டார் என்னும்போது நம்மவரல்லாத அந்நியரைக் குறிக்கின்றோம். மிக அருகில் இருப்பவரும் நம்மவரல்லாதவரும் ஒரே வேர்ச்சொல்லால் அழைக்கப்படுகின்றனர். மாளிகாவத்தை போன்ற ஒரு பகுதியில் இச்சொல்லின் இருமுகமும் ஒருங்கே வெளிப்படுவதைக் காணலாம். தொடர்மாடிகளும் பள்ளிவாசல்களும் மையவாடியும் கெத்தாராம விகாரையும் அடுத்தடுத்து அமைந்த அப்பகுதியில், தமிழ் பேசும் முஸ்லிம்களோடு ஏனைய சமூகத்தாரும் நெருங்கி வாழ்கின்றனர். அங்கே அயலவர் என்பவர் ஒரு சுவருக்கு அப்பால் இருப்பவர்.

2019 ஏப்ரல் 21 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம் உள்ளிட்ட தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் நிகழ்ந்த குண்டுத் தாக்குதல்களில் 250 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஏப்ரல் 29 முதல், அவசரகால ஒழுங்குவிதிகளின் கீழ், அடையாளங் காண்பதற்குத் தடையாக முகத்தை மூடுதல் தடைசெய்யப்பட்டது. முகத்தை மூட வேண்டாம் என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவும் பெண்களைக் கேட்டுக்கொண்டது. அந்த ஆகஸ்டில் அவசரகாலநிலை முடிவுற்றதோடு தடையும் அகன்றது. அடுத்த ஆண்டிற் கொள்ளைநோய் பரவியது. 2020 ஒக்டோபரில், பொது இடங்களில் முகக்கவசம் அணிதல் சட்டத்தினாற் கட்டாயமாக்கப்பட்டது. பதினெட்டு மாதங்களுக்குள் முகத்தை மூடுதல் குற்றமாயிருந்து, பின்னர் மூடாதிருத்தல் குற்றமாயிற்று. மருதானையிலும் மாளிகாவத்தையிலும் நாம் அனைவரும் குவேரியரைப் போல் உயிருக்கு அஞ்சி முகம் மூடி நடந்தோம். அப்பொழுது எவரும் எவரையும் முகம் மூடியமைக்காக வெறுக்கவில்லை. மூடிய துணி ஏறத்தாழ ஒன்றே. அதன் காரணத்தை நாம் அறிந்திருந்தோம் என்பதே வேறுபாடு.

பெருந்துயருக்குப் பின் எழுந்த அச்சத்தைப் பழித்தல் இங்கு நோக்கமன்று. பிணங்களை எண்ணிய நகரம் அஞ்சுவது இயல்பு. அரசு மக்களைக் காக்கவும் கடமைப்பட்டது. வங்கியிலும் விமான நிலையத்திலும் முகத்தைக் காட்டுமாறு கோருவதை எவரும் மறுக்கத் தேவையில்லை. ஆயினும் ஒன்றை எண்ணிப்பார்த்தல் வேண்டும். அன்று நீர்கொழும்புத் தேவாலயத்திலும் கொழும்பு ஹோட்டலிலும் குண்டு சுமந்து நுழைந்தோரின் முகங்கள் கண்காணிப்புக் கமராக்களில் வெளிப்படையாகவே பதிவாகியிருந்தன. திறந்த முகம் உள்ளத்தைக் காட்டித் தரவில்லை. இருந்தும் ஐயம் முழுவதும் மூடிய முகத்தின்மீதே சுமத்தப்பட்டது. முகத்தை மூடாது தலையை மாத்திரம் மறைத்த பெண்களையும் அது விட்டுவைக்கவில்லை.

விளையாட்டை ஆக்கியோரும் இதனை உணர்ந்திருந்தனர் போலும். இரண்டாவது விளையாட்டில், பெருநகரொன்றில், இளம் குவேரியப் பெண்ணொருத்தி பணத்தைத் திருடினாள் என்று வோலஸ் வணிகன் ஒருவன் குற்றஞ்சாட்டுகின்றான். அவனும் முகம் மூடியவனே என்பதை அவனோ அங்குள்ள காவலரோ நினைப்பதில்லை. பணத்தை அவனே கடையொன்றில் விட்டுவந்தமை தெரியவந்த பின்னரும், நிலையான வதிவிடம் இல்லாதவள் என்று காவலர் அவளை மிரட்டுகின்றார். டாலியை உயிராய் நேசிக்கும் ஆடுபவர் இக்காட்சியைக் கடந்தே செல்லவேண்டும். அவளுக்காக வாதாடலாம், வாளாவிருந்தும் போகலாம். ரூசோவின் தடைக்கு விளையாட்டே தரும் விடை இதுவாகும். ஒருத்திமீது கொண்ட அன்பு, அவளைப் போன்ற பெயரறியாத இன்னொருத்திக்கு நீதியாக விரிகின்றதா என்பதே உரைகல். விரியுமாயின் கற்பனையன்பு வீண்போகவில்லை. விரியாதாயின் ரூசோ சொன்னதே சரி.

அங்ஙனம் விரிவதற்குத் தடையாயிருப்பது யாது? ஒழுங்குமுறை மாறிவிடுதலே என்பது எம் கருத்து. விளையாட்டிற் பேச்சு முதலில் வருகின்றது. முகம் இறுதியில் வருகின்றது, அல்லது வராமலே போகின்றது. உடன் நடக்கின்றோம், செவிமடுக்கின்றோம், கவசத்தின் காரணத்தை அவள் வாயாலேயே கேட்டறிகின்றோம். தெருவிலோ முகத்தை முதலிற் கேட்கின்றோம். அது கிடைக்காவிடிற் பேச்சையும் மறுத்துவிடுகின்றோம். 1961 இல் 'முழுமையும் முடிவிலியும்' என்னும் நூலை வெளியிட்ட லெவினாஸ் என்னும் மெய்யியலாளர், அறம் பிறர் முகத்தின் முன்னே தொடங்குகின்றது என்றார். ஆயின் அவர் முகம் என்றது கண், மூக்கு என்னும் உறுப்புகளின் தோற்றத்தை அன்று. நம்மை நோக்கி விடுக்கப்படும் அழைப்பை. பேசும் குரலிலும் அவ்வழைப்பு உண்டு. இப்பொருளில் நோக்கின் டாலிக்கு முகம் உண்டு. நிகாப் அணிந்து மாடிப்படியேறும் அயலவளுக்கும் உண்டு.

டாலிக்குக் கவசம் உயிர்த்தேவை; முகத்திரையோ அத்தகையதன்று, சிலர்மீது அது சுமத்தப்படுவதுமுண்டு என்று கூறப்படலாம். உண்மை. சிலர் விரும்பி அணிகின்றனர். சிலர் பணிந்து அணிகின்றனர். முஸ்லிம் பெண்களிடையேயும் இதுபற்றிக் கருத்து வேற்றுமை உண்டு. ஆனால் அணிபவள் இவ்விரண்டில் எதற்குரியவள் என்பதைத் துணியைப் பார்த்து எவரும் அறியமுடியாது. அவளோடு பேசியே அறியமுடியும். கட்டாயத்துக்குள்ளானவளுக்கு உதவ விரும்புவோருக்கும் முதற்படி அதுவே. அவளைத் தெருவிலும் பஸ்ஸிலும் வெருட்டுவது அவளை வீட்டுக்குள் இன்னும் ஆழமாக அடைப்பதாகவே முடியும்.

2012 இல் அந்த நிழற்படத்தைக் கண்டு வருந்திய நேயர்கள் தாம் அறியாமலே ஓர் உண்மைக்குச் சாட்சியாயினர். ஐந்து ஆண்டுகள் அவர்கள் அவளை முகமின்றியே அறிந்திருந்தனர். படம் அவ்வறிவோடு எதனையும் கூட்டவில்லை. முகம் என்பது அதற்குரியவர் தரும்போது பெற்றுக்கொள்ளவேண்டிய கொடை. நம் நட்புக்கு முன்னதாகச் செலுத்தப்படவேண்டிய வரியன்று. கற்பனைக் கோளொன்றின் பெண்ணுக்கு இவ்வளவு பொறுமை காட்ட இயலுமாயின், ஒரே தொடர்மாடியில், ஒரே மொழி பேசி, ஒரே குழாயடியில் நீருக்குக் காத்துநிற்கும் அயலவளுக்கு அதனைக் காட்ட இயலாது என்று கூறுவதற்கு நமக்கு நியாயம் ஏதுமில்லை. அங்கே முதலிற் கேட்கவேண்டியது முகத்தை அன்று. சுகம் எப்படி என்பதையே.