மலை ஏரியும் சரவணப் பொய்கையும்

ஓம் சரவணபவ!

பழனி தரிசனம் முடிஞ்சதும் பலர் கொடைக்கானல் ஏரிக்குப் படகு விடப் போறோம். அது தானா உண்டான ஏரி இல்லீங்க. 1863-ல் மதுரை கலெக்டர் வேர் ஹென்றி லெவிஞ்ச் கரை கட்டித் தேக்கிய நீர். முதல் படகு தூத்துக்குடியிலிருந்து வந்தது.

ஆனா மலை யாருடையது? குறிஞ்சி நிலத் தெய்வம் நம்ம முருகன். நாணல் சூழ்ந்த பொய்கையில் அவதரிச்சதால்தான் அவன் சரவணபவன். அப்போ மலைமேல நிக்கிற எந்தத் தண்ணியும் அவனுக்குத் தொட்டில்தானே?

படகு விடுங்க, சந்தோஷமா இருங்க, தப்பே இல்ல. ஆனா விபூதி பூசின கையாலயே பிளாஸ்டிக் பாட்டிலை ஏரியில் வீசினா, காவடி எடுத்த புண்ணியம் எங்கே நிக்கும்? நம்ம குப்பையை நாமே சுமந்து கீழே கொண்டு வருவோம். அதுவும் ஒரு காவடிதான்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!