இரண்டு எலிகள்

எலியை வளர்ப்பது என்று சொன்னால் பலருக்குச் சிரிப்பு வரும். சிலருக்கு அருவருப்பு வரும். நாயை வளர்க்கிறோம், அது வாசலைக் காக்கிறது. பசுவை வளர்க்கிறோம், அது பால் தருகிறது. பூனையை வளர்க்கிறோம், அது எலியைப் பிடிக்கிறது. எலியை வளர்த்து என்ன ஆகப் போகிறது? பூனைக்கு வேலை கொடுப்பதற்கா? இப்படிக் கேட்பவர்கள் நியாயமாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி பதுங்கிக் கிடக்கிறது. ஓர் உயிரிடம் அன்பு வைப்பதற்கு அது நமக்கு ஏதாவது செய்து கொடுத்தாக வேண்டுமா?

எலி வளர்க்கும் வழக்கம் கௌரவமான இடத்தில் பிறந்ததல்ல. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் லண்டனில் ஜாக் பிளாக் என்று ஒருவன் இருந்தான். விக்டோரியா மகாராணியின் எலி பிடிப்பவன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவன். லண்டன் ஏழைகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய ஹென்றி மேஹ்யூ இவனைக் கண்டு பேசி எழுதி வைத்திருக்கிறார். அந்தக் காலத்து லண்டன் மதுக்கடைகளில் ஒரு கொடிய கேளிக்கை நடந்தது. மரப் பலகையால் அடைத்த களத்தில் உயிருள்ள எலிகளைக் கொட்டுவார்கள். ஒரு நாயை உள்ளே விடுவார்கள். எத்தனை நிமிஷத்தில் எத்தனை எலியைக் கடித்துக் கொல்கிறது என்று பந்தயம் நடக்கும். எலி பிடிப்பவர்கள் இதற்கு எலிகளைக் கொடுத்துச் சம்பாதித்தார்கள். ஜாக் பிளாக்கோ, வெள்ளையாகவோ வேறு விசித்திர நிறத்திலோ அகப்பட்ட எலிகளைத் தனியே எடுத்து வைத்தான். இனம் பெருக்கி, வீட்டில் வளர்க்க விரும்பியவர்களுக்கு விற்றான்.

நினைத்துப் பாருங்கள். பிடித்தது ஒரே ஜாதி எலி. ஒன்று நாயின் வாய்க்குப் போயிற்று. ஒன்று சீமாட்டியின் மடிக்குப் போயிற்று. இரண்டுக்கும் நடுவே இருந்த வித்தியாசம் மயிரின் நிறம்தான்.

பிறகு எலிக்கும் நல்ல காலம் வந்தது. 1901-இல் மேரி டக்ளஸ் என்ற பெண்மணியின் முயற்சியால் இங்கிலாந்தில் ஒரு கண்காட்சியில் எலிகளுக்கும் இடம் கிடைத்தது. குழந்தைகளுக்கு எழுதிப் புகழ்பெற்ற பியாட்ரிக்ஸ் பாட்டர், 1908-இல் வெளிவந்த ஒரு புத்தகத்தைத் தாம் வளர்த்து இறந்துபோன ஸாமி என்ற எலிக்கே காணிக்கையாக்கினார். ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து விஸ்டார் ஆராய்ச்சி நிலையத்தில், சோதனைக்காகவே வெள்ளெலிகளை வளர்க்கத் தொடங்கினார்கள். சாக்கடை, ஆராய்ச்சிசாலை, மடி என்று ஓர் உயிருக்கு மூன்று விதமான ஊழ் எழுதியவன் மனிதன்.

வளர்க்க முன்வருகிறவர்கள் அறிய வேண்டியவை சில உண்டு. எலி கூட்டத்தோடு வாழும் பிராணி. ஒற்றையாக வைத்தால் வாடிப் போகும். ஆகவே ஆணோடு ஆணாகவோ, பெண்ணோடு பெண்ணாகவோ இரண்டாவது வைக்க வேண்டும். ஜோடி சேர்த்து வைத்தால் மூன்று வாரத்தில் பத்துக் குட்டிகள் வந்து நிற்கும்! அதன் நுரையீரல் மெலிந்தது. ஈரம் ஊறிய படுக்கையிலிருந்து கிளம்பும் நெடி அதற்கு ஆகாது. பைன் மரச் சீவலின் வாசனையும் ஆகாது. முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் கடிக்க ஏதாவது வேண்டும். தினமும் சிறிது நேரமாவது கூண்டைவிட்டு வெளியே வந்து உலாவ வேண்டும். இவ்வளவும் செய்தால் இரண்டு, இரண்டரை வருஷம் இருக்கும். மூன்று வருஷம் இருந்தால் கொடுத்து வைத்தவர் நீங்கள்.

அது நம்மை அறியுமா என்று கேட்கலாம். 1990-களின் இறுதியில் யாக் பாங்க்ஸெப் என்ற விஞ்ஞானி, விரலால் கிச்சுக்கிச்சு மூட்டினால் எலி சந்தோஷக் குரல் எழுப்புகிறது என்று கண்டார். மனிதக் காதுக்கு எட்டாத மெல்லிய ஒலி. கருவி வைத்துத்தான் கேட்க முடியும். 2011-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனையில், குழாய்க்குள் அடைபட்ட தோழனை மற்றோர் எலி கதவைத் திறந்து விடுவித்தது. சாக்லேட் துண்டுகளைத் தனியாகத் தின்றிருக்கலாம். ஆனாலும் பல எலிகள் தோழனை விடுவித்து அதற்கும் பங்கு வைத்தன.

நண்பர் ஒருவர் வீட்டில் பையன் இரண்டு வெள்ளெலிகள் வளர்க்கிறான். அதே வீட்டு அடுக்களையில் தேங்காய்ச் சில்லு மாட்டிய எலிப்பொறியும் இருக்கிறது. ஒருநாள் பொறியில் ஒன்று விழுந்துவிட்டது. அப்பா அதைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் வாளியை நோக்கிப் போனார்.

“ரெண்டும் எலிதானேப்பா?” என்றான் பையன்.

“இது நம்ம எலிடா. அது அரிசியைத் திருடித் தின்னுது.”

“இதுக்கு நாம போடறோம். அதுக்கு யாருப்பா போடறது?”

நண்பர் இதை என்னிடம் சொல்லிவிட்டு, “நீ கதை எழுதறவன், நீ சொல்லேன், என்ன பதில் சொல்றது?” என்று கேட்டார்.

பையனின் கேள்வியைக் குழந்தைத்தனம் என்று தள்ள முடியாது. வெள்ளெலி யோக்கியமானது, சாம்பல் எலி அயோக்கியன் என்ற பதில் பொய். பசித்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனாலும் இரண்டு எலிகளுக்கும் நாம் பட்டிருக்கும் கடன் ஒன்றல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. சாம்பல் எலி தன் இரையைத் தானே தேடிக்கொள்கிறது. வெள்ளெலிக்கு நம் கையைத் தவிர வேறு உலகம் இல்லை. கூண்டின் கதவை நாம் சாத்திய நிமிஷத்தில் அதன் பசி நம்முடைய பொறுப்பாகிவிட்டது. ஜீவகாருண்யம் என்று கதவைத் திறந்து வெளியே விட்டாலும் பொறுப்புத் தீராது. தலைமுறை தலைமுறையாக மனிதன் மடியில் வளர்ந்தது, காக்கைக்கு ஒளியத் தெரியாது. கடமை பிறப்பது அதன் அழகிலிருந்து அல்ல. அது நம்மை நம்பித்தான் இருக்க வேண்டியிருக்கிறது என்பதிலிருந்து.

அப்படியானால் மற்றதற்கு நாம் ஒன்றுமே கடன்படவில்லையா? எலி நெல்லைத் தின்னும். எலிக்காய்ச்சல் உயிரை வாங்கும். விவசாயியிடம் போய் எலியைக் கொல்லாதே என்று உபதேசிக்க எனக்கு வாய் வராது. ஆனால் கொல்ல நேர்வது வேறு, வதைப்பது வேறு. பசை தடவிய அட்டையில் எலி ஒட்டிக்கொண்டு, தோல் கிழிய இழுத்து, பசியாலும் தாகத்தாலும் மெல்ல மெல்லச் சாகிறது. இங்கிலாந்தில் 2022-இல் சட்டம் செய்து, 2024 முதல் பொதுமக்கள் அந்த அட்டையை வைக்கக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். மதுக்கடைக் களத்தில் பந்தயம் கட்டிய ஊர், இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. பிள்ளையாருக்கு மூஞ்சூறை வாகனமாக வைத்துக் கும்பிடும் நாமும் அவ்வளவு தூரம் போகலாம்.

நண்பரிடம் நான் சொன்னது இதுதான்: பையனுக்குச் சாமர்த்தியமான பதில் தேடாதீர்கள். அரிசிப் பானையை இறுக மூடுங்கள், சுவரிலுள்ள பொந்தை அடையுங்கள். அதற்கு மேலும் கொல்ல வேண்டி வந்தால் நொடியில் முடியும்படி செய்யுங்கள். அது ஒரு வருத்தமான காரியம் என்பதைப் பையனிடம் மறைக்காதீர்கள்.

மற்றபடி, அவன் எலி வளர்ப்பதைத் தடுக்க வேண்டாம். இரண்டு வருஷத்தில் போய்விடும் என்று தெரிந்தும், பாலோ காவலோ தராது என்று தெரிந்தும், நாள்தோறும் ஒரு சின்னஞ்சிறு உயிரின் கூண்டைத் துடைத்துத் தண்ணீர் வைக்கிறவன், லாபக் கணக்குப் பார்க்காமல் அன்பு செலுத்தப் பழகுகிறான். நாளைக்கு வீட்டில் ஒரு கிழவரோ நோயாளியோ எந்த உபயோகமும் இல்லாமல் படுத்துக் கிடக்கும்போது, அந்தப் பழக்கம் அவன் கைக்கு உதவும்.