யாரை நோவது?

ஒரே ஒரு சொடுக்குத்தான். என் தாயின் குரல் போய்விட்டது.

அவர் மறைந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கடைசிக் காலத்தில் கூடத்துத் தூணில் சாய்ந்துகொண்டு அவர் பேசிய பழைய கதைகளை என் தங்கையின் மகன் கைபேசியில் பதிவு செய்து, என் மடிக்கணினியில் போட்டு வைத்திருந்தான். வேறு எங்கும் அது இல்லை. “மாமா, இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள்” என்று இரண்டு முறை சொன்னான். இரண்டு முறையும் “ஆகட்டும்” என்றேன். நம் நாட்டில் “ஆகட்டும்” என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்குரிய வழக்கமான ஆதரவு முடிந்தது. என் கணினி பழையது. அடுத்த பதிப்பை ஏற்கும் தகுதி அதற்கு இல்லை. ஆனால் திரை தெளிவாக இருந்தது, விசைகள் தேயவில்லை. உழைக்கிற மாட்டை அடிமாட்டுக்கு விற்க எனக்கு மனம் வரவில்லை. “லினக்ஸ் போட்டுப் பாருங்கள், மாமா” என்றான் தங்கை மகன். ஒரு பென்டிரைவையும் கொண்டுவந்து கொடுத்தான். “இதிலிருந்தே ஓடும். உள்ளே இருக்கும் வட்டைத் தொடாது. ஒரு வாரம் பழகுங்கள். பிடித்தால், நான் வந்தபிறகு நிறுவலாம்.”

மூன்று நாள் குழந்தைபோல் மகிழ்ந்தேன். அறுபத்தெட்டு வயதில் ஒன்றாம் வகுப்பில் உட்காரும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தடுமாறினேன். தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரிந்தது. அச்சுப்பொறி மட்டும் பிடிவாதம் செய்தது. நான்காம் நாள், அவன் வரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாமல், நிறுவும் பொத்தானை அழுத்தினேன். ‘வட்டு முழுவதையும் அழித்துவிட்டு நிறுவுக’ என்று ஒரு வரி வந்தது. இந்த மாற்றத்தைத் திரும்பப் பெற முடியாது என்று மறுபடியும் ஒரு கேள்வி வந்தது. இரண்டிற்கும் “ஆம்” என்றேன். படிக்கவில்லையா என்று கேட்காதீர்கள். கண் படித்தது, நான் படிக்கவில்லை. இருபது ஆண்டுகளாகத் திரையில் எது வந்தாலும் “ஒப்புக்கொள்கிறேன்” என்று அழுத்திப் பழகிய விரல் இது.

அழிந்ததை மீட்டுத் தருவோரிடம் கொண்டு போனேன். சில படங்கள் வந்தன. குரல் வரவில்லை.

அன்று இரவு எனக்குக் கடுமையான கோபம். ஆனால் அந்தக் கோபத்தை யார்மேல் போடுவது என்று தெரியவில்லை. விலை கொடுத்து வாங்கிய பொருளாக இருந்தால் விற்றவனைத் திட்டலாம். இதையோ யாரும் எனக்கு விற்கவில்லை. லைனஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் 1991இல் ஹெல்சின்கியில் தம் பொழுதுபோக்காகத் தொடங்கினார். அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன், எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள மென்பொருளை எழுதப்போவதாக அறிவித்திருந்தார். இருவர் வழியும் பிறகு சேர்ந்தன. பெயரே தெரியாத ஆயிரக்கணக்கானோர் கை சேர்ந்தது. நம் ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கு அடியிலும் லினக்ஸின் கருதான் இயங்குகிறது. முதன்முறையாகத் தொடுகிறேன் என்று எண்ணியதும்கூட அறியாமைதான். பல ஆண்டுகளாக அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அதன் பொது உரிமத்தை அந்த இரவில்தான் முதன்முறையாகப் படித்தேன். காலம் கடந்த படிப்பு. உங்கள் விருப்பம்போல் ஓட்டலாம், ஆராயலாம், மாற்றலாம், பிறர்க்குக் கொடுக்கலாம் என்று கைநிறைய உரிமைகள். இறுதியில் பெரிய எழுத்தில் ஒன்று: எந்த உத்தரவாதமும் இல்லை. கேடு விளைந்தால் எழுதியவர் பொறுப்பில்லை.

‘இது என்ன ஈகை?’ என்று தோன்றியது. அன்னதானம் இட்டுவிட்டு, வயிற்றுவலி வந்தால் எங்களைக் கேட்காதே என்று பந்தியிலேயே சொல்வது போல. தங்கை மகனிடமும் அப்படியே சொன்னேன். அவன் சிறிது நேரம் பேசவில்லை. பாட்டியின் குரல் அவனுக்கும் போயிற்று அல்லவா? பிறகு, “மாமா, இதற்கு முன்பு காசு கொடுத்து வாங்கினீர்களே, அதன் ஒப்பந்தத்தைப் படித்தீர்களா?” என்றான். படித்துப் பார்த்தேன். அங்கும் பொறுப்பை எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்கியிருந்தார்கள். என் தாயின் குரலுக்கு அவர்களும் ஈடு தரமாட்டார்கள். அப்படியானால் நான் கொடுத்த காசு எதற்கு? திட்டுவதற்கு ஒரு முகவரி கிடைத்ததே, அதற்கா?

வாடகை வீட்டில் கூரை ஒழுகினால் வீட்டுக்காரரை ஏசுகிறோம். ஒழுகல் நிற்பதில்லை, ஆனால் ஏசிய பிறகு நன்றாகத் தூக்கம் வருகிறது. சொந்த வீட்டில் ஒழுகினால் ஏணியைத் தேடுகிறோம். சொந்த வீடு வேண்டும் என்று ஏங்குகிற நமக்கு, ஏசுவதற்கு ஓர் ஆளும் கூடவே வேண்டியிருக்கிறது. உரிமையைப் பற்றி என் நாவல்களில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். கதைமாந்தர்கள் வீரமாகப் பேசுவார்கள். ஏணியைப் பற்றி ஒருவன்கூடப் பேசியதாக நினைவில்லை.

இதில் ஓர் ஐயமும் உண்டு; மறைக்கக் கூடாது. தெரியாதவனிடம் முழு உரிமையையும் கொடுத்துவிட்டு, “நீயே பொறுப்பு” என்று விலகி நிற்பது அறமா? பிள்ளை கையில் அரிவாளைக் கொடுப்பவன் குற்றமற்றவனா? நெடுநாள் எண்ணினேன். ஆனால் என் செய்தியில் யாரும் விலகி நிற்கவில்லை. இரண்டு முறை கேட்டார்கள். தங்கை மகனும் இரண்டு முறை சொன்னான். நான் பிள்ளையும் அல்லன்.

சென்ற மாதம் பக்கத்து வீட்டு ஆசிரியை தம் பழைய கணினியை எடுத்துக்கொண்டு வந்தார். ஓய்வு பெற்றவர். “உங்களுக்குத்தான் தெரியுமாமே, சார். நீங்களே பார்த்துப் போட்டுக் கொடுங்கள்” என்றார். என்னென்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். பேரன் படங்கள், மாணவர்கள் எழுதிய கடிதங்கள் என்றார். அன்று முழுவதும் அவற்றைப் பிரதி எடுத்தோம்; பிரதியைத் திறந்தும் பார்த்தோம். மறுநாள் அந்தப் பழைய வரி திரையில் வந்து நின்றது. என் விரல் பொத்தானுக்குப் போயிற்று. எடுத்துக்கொண்டு, கணினியை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

“என்ன சார், நீங்களே அழுத்திவிடுங்களேன்” என்றார்.

“கொஞ்சம் உரக்கப் படியுங்கள், அம்மா” என்றேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வகுப்பில் பாடம் வாசிப்பதுபோல், ஒவ்வொரு சொல்லாகப் படிக்கத் தொடங்கினார்.